மருத்துவருக்கு வகுப்பு நடத்துகிறவருக்கும் வகுப்பு உண்டு

(சேலத்து மருத்துவமனை ஒன்றில் பல வருடம் தொடர் மருத்துவக் கல்வி (சி.எம்.இ.) ஒருங்கிணைப்பாளராக இருந்துவிட்டு இப்போது ஏற்காட்டில் வசிக்கும் நம் பத்தியாளர், சி.எம்.இ. பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாகப் படிப்பு) முடித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் அகாடமிக் ஆபீசில் இருக்கிறேன். மாதம் ஒரு சி.எம்.இ. ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. சி.எம்.இ. நடத்துகிறவர்களுக்கென்றே அமெரிக்காவில் இலவசமாக ஆன்லைன் மாநாடு நடக்கிறது, நீ உட்கார்ந்து கேள் என்று எங்கள் மெடிக்கல் சூப்பிரண்டென்ட் சொன்னார். நான் டாக்டர் இல்லை. ஆங்கிலமும் சுமார்தான். கலந்துகொள்ளலாமா அக்கா? இலவசம் என்றால் பின்னால் ஏதாவது இருக்குமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாகக் கலந்துகொள் தங்கச்சி. முதலில் அந்த ‘டாக்டர் இல்லை’ என்ற தயக்கத்தை விடு. மருத்துவருக்குப் பாடம் எடுப்பவர் டாக்டராக இருக்கலாம். என்ன பாடம், யாருக்கு, எதற்காக, எடுத்த பிறகு என்ன மாறியது என்று பார்ப்பது தனி வேலை. அமெரிக்காவில் அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்கள் ஏராளம். கல்வித் திட்டம் எழுதுகிறவர்கள், மருத்துவ எழுத்தாளர்கள், பல்கலைக்கழகங்களிலும் மருத்துவச் சங்கங்களிலும் கல்விப் பிரிவில் இருப்பவர்கள் என்று பலவகை. இந்த வேலைக்கென்றே சி.எச்.சி.பி. என்று ஒரு சான்றுத் தேர்வும் அங்கே உண்டு. நீ மாதாமாதம் செய்வது அவர்கள் செய்யும் அதே வேலைதான். அங்கே உனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

உங்கள் சூப்பிரண்டென்ட் சொன்னது பெரும்பாலும் ‘சிஎம்இபலூசா’வாக இருக்கும். 2014-ல் தொடங்கியது. வசந்தகாலத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என்று நடத்தினார்கள். கட்டணம் கிடையாது. நேரலையில் விட்டதைப் பிறகு பதிவில் பார்த்துக்கொள்ளலாம். செலவை ஸ்பான்சர்கள் ஏற்கிறார்கள். ‘பின்னால் ஏதாவது இருக்குமா’ என்று கேட்டாயே, அந்தக் கேள்வி இந்த வேலைக்கு மிக அவசியம். எந்த நிகழ்ச்சி என்றாலும் காசு யாருடையது என்று கேட்டுப் பழகு. இந்தத் துறைக்குச் சேவையும் சாஃப்ட்வேரும் விற்கிற நிறுவனங்கள் ஸ்பான்சர்களில் இருக்கும். ஒரு சாஃப்ட்வேரைப் பற்றி அதிகம் புகழ்ந்தால் அதை நினைவில் வைத்துக் கேள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. சான்றிதழை மட்டும் எதிர்பார்த்து உட்காராதே.

முழுவதையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாதே. அங்கே ஒரு பகுதி கிரான்ட் பற்றியே ஓடும். கல்வி நிகழ்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகளிடம் எழுத்தில் விண்ணப்பித்து, விற்பனைப் பிரிவின் தலையீடு இல்லாமல் நிதி வாங்கும் முறை அது. சேலத்தில் அந்த மாதிரி ஏற்பாடு கிடையாது, தாண்டிப் போ. உனக்கு வேண்டியது மூன்று விஷயம். மருத்துவர்களின் அறிவிலும் நடைமுறையிலும் எங்கே இடைவெளி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி, கேட்கிறவர்களைப் பேசவும் செய்யவும் வைப்பது எப்படி, விளைவை அளப்பது எப்படி. நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றில் எது வந்தாலும் குறித்துக்கொள். உன் அடுத்த மாத சி.எம்.இ. எதைப் பற்றியது என்று ஒரு தாளில் மேலே எழுதி வைத்துக்கொண்டு கேள். சர்க்கரை நோயாளியின் கால் புண் என்றால், கேட்கிற ஒவ்வொன்றையும் அந்தக் கால் புண்ணோடு பொருத்திப் பார்.

ஆங்கிலம் ஒரு தடையே இல்லை. பதிவில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியைப் போடு, வேகத்தைக் கொஞ்சம் குறை. குழப்புவது ஆங்கிலத்தைவிடச் சுருக்கப் பெயர்கள்தான். ஏ.சி.சி.எம்.இ. என்றால் அமெரிக்காவில் சி.எம்.இ. நடத்தும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 1981-லிருந்து இருக்கிறது. ‘மூர்’ என்று அடிக்கடி சொல்வார்கள். அவர் டொனால்ட் மூர். 2009-ல் அவரும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் சி.எம்.இ.யின் விளைவை ஏழு படியாகப் பிரித்தார்கள். வந்தார்களா, திருப்தியா, கற்றார்களா, கற்றதைச் செய்து காட்ட முடிகிறதா, தன் மருத்துவமனையில் உண்மையிலேயே செய்கிறார்களா, நோயாளிக்கு நன்மை வந்ததா, ஊருக்கே நன்மை வந்ததா.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் ஃபீட்பேக் ஃபார்மை எடுத்துப் பார். ஸ்பீக்கர் எப்படி, ஹால் எப்படி, சாப்பாடு எப்படி. மிக நன்று, நன்று, சுமார் என்று மூன்று கட்டம். ஏழு படியில் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறோம். அடுத்த நிகழ்ச்சியில் அந்த ஃபார்மின் அடியில் ஒரே ஒரு வரி சேர்: ‘இன்று கேட்டதில் எதை நாளை ஓ.பி.யில் மாற்றிச் செய்யப் போகிறீர்கள்?’ இரண்டு கோடு விட்டு, கீழே போன் நம்பருக்கு இடம் விடு. ஆறு வாரம் கழித்துப் போன் போட்டு, ‘டாக்டர், அன்று இப்படி எழுதியிருந்தீர்கள், செய்ய முடிந்ததா?’ என்று கேள். முடியவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுதிக்கொள். ‘கால் உணர்ச்சி பார்க்கும் மோனோஃபிலமென்ட் எங்கள் கிளினிக்கில் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், உன் அடுத்த நிகழ்ச்சிக்கான இடைவெளி கையில் கிடைத்துவிட்டது.

கேள்வி: நாகலூர் பக்கம் இருக்கிறோம். மழை, பனி வந்தால் கரன்ட் போகும், கூடவே டவரும் போகும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்த மாதிரி மாநாட்டை இங்கிருந்து எப்படிப் பார்ப்பது? நேரமும் புரியவில்லை.
– மருத்துவமனைக் கல்வி உதவியாளர், ஏற்காடு

பதில்: நேரக் கணக்கு முதலில். நியூயார்க் நேரம் காலை 10 என்றால், மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு இரவு 7.30. மற்ற மாதங்களில் 8.30. அவர்களுடைய மதிய அமர்வுகள் நமக்கு நள்ளிரவைத் தொடும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு முதல் அமர்வு ஒன்றை மட்டும் நேரலையில் பாருங்கள். மற்றதைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரலைக்கு என்ன தனி லாபம் என்றால், கேள்வி அனுப்பலாம். கேட்க ஒன்றும் இல்லையென்றால் நேரலையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நானும் இதே மலையில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். லேப்டாப்பை மாலையிலேயே முழுவதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். வைஃபை ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிட்டால், கரன்ட் போனாலும் லைன் இருக்கும்வரை நெட் ஓடும். போனில் வேறு கம்பெனி சிம் ஒன்று இருக்கட்டும். ஒரு டவர் விழுந்தாலும் இன்னொன்று எடுக்கும். படத்தின் தரத்தை 360-க்குக் குறைத்து விடுங்கள். முகம் மங்கலாகத் தெரிந்தால் நஷ்டமில்லை, குரல் அறுந்துபோகாமல் வர வேண்டும். ஸ்லைடு படிக்க முடியவில்லையா, அதைப் பிறகு நிறுத்தி வைத்துப் பார்க்கலாம்.

டவுனுக்கு இறங்கும் நாளில் சேலத்தில் நல்ல நெட் உள்ள இடத்தில் பதிவுகளை ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டு மலை ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் பஸ்ஸில் வீடியோ பார்த்தால் தலை சுற்றும். காதில் மாட்டிக் கேளுங்கள், பாதிப் பேச்சு கேட்டாலே புரியும் வகைதான்.

கேள்வி: நான் பொது மருத்துவர். என் கிரெடிட் ஹவருக்கு இந்த மாநாடு கணக்கில் வருமா? ஆன்லைன் சி.எம்.இ. எல்லாமே வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மையா?
– டாக்டர், ஆத்தூர்

பதில்: வராது டாக்டர். இது சி.எம்.இ. நடத்துகிறவர்களுக்கான மாநாடு. உங்களுக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் கிரெடிட் ஹவர் ஒதுக்கிய நிகழ்ச்சிதான் கணக்கு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே ஐந்து வருடத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் சி.எம்.இ. என்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதம் நிறுத்தி வைத்தது. ஆகவே பழைய கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் கவுன்சில் எத்தனை ஹவர் கொடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். வகுப்பு, கூட்டம், பட்டறை இவற்றால் மருத்துவரின் நடைமுறை எவ்வளவு மாறுகிறது என்று 81 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009-ல் வெளியிட்டது. சரியான முறைப்படி சிகிச்சை செய்வது நடுமட்டமாக 6 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் சூனியமில்லை. வெறும் பேச்சோடு நிற்காமல் கலந்துரையாடலும் சேர்ந்த நிகழ்ச்சிகளில் பலன் இன்னும் நன்றாக இருந்தது. ஆக, ஆன்லைனா ஹாலா என்பதில் ஒன்றுமில்லை. நீங்கள் வாயைத் திறக்கிறீர்களா என்பதில் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டம். கல்லீரல் சிறப்பு மருத்துவர் அவர். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், வெகுதூரம் வந்தார்கள். கிராமத்து டாக்டர்களை வீடியோவில் வாரம் ஒருமுறை கூட்டி, அவரவர் கேஸை அவரவரே சொல்ல வைத்து, கூடிப் பேசிச் சிகிச்சையை முடிவு செய்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. கிராமத்து டாக்டர்களிடம் குணமானவர்கள் விகிதமும் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் விகிதமும் ஏறக்குறைய ஒன்று, இரண்டுமே 58 விழுக்காட்டை ஒட்டி. அத்தனையும் ஆன்லைனில் நடந்ததுதான்.

ஜூமைப் போட்டு, மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டு ஓ.பி. பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது வருத்தம். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள் டாக்டர். ஆத்தூரிலிருந்து வரும் கேஸ் வேறு, பெரிய ஊர் ஸ்பீக்கர் பார்க்கும் கேஸ் வேறு. நீங்கள் கேட்டால்தான் அவருக்கும் அது தெரியும்.

கேள்வி: எஸ்டேட் பகுதியில் நர்ஸாக இருக்கிறேன். பாம்புக்கடிப் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். பாம்புப் படங்கள், நிறைய ஸ்லைடு, அப்புறம் சாப்பாடு. ஆனால் கடி கேஸ் வந்து நின்றால் கை நடுங்குகிறது. நீங்கள் சொல்லும் அமெரிக்க முறையெல்லாம் இங்கே உதவுமா?
– சிஸ்டர், சேர்வராயன் மலை

பதில்: உதவும் சிஸ்டர். உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் இந்த இதழில் இந்த விஷயத்தையே எடுத்தேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சருகுக்குள்ளும் செடி அடியிலும் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆள் நீங்கள்தான். உங்கள் கை நடுங்காமல் இருப்பதற்குத்தான் சி.எம்.இ. என்று ஒன்று இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம்: 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை. இரண்டு மில்லி ரத்தம் சிரையிலிருந்து எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடில் இது மூன்று வரி. எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், போஸ்ட்-டெஸ்டிலும் சரியாக எழுதுவார்கள். ஆனால் வார்டில் கைக்குக் கிடைப்பது பிளாஸ்டிக் குழாய். இல்லையென்றால் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காயவைத்த பழைய கண்ணாடிக் குழாய். ரத்தம் உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கிலும் சோப்பு பட்ட கண்ணாடியிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். விஷமே ஏறாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிற நிலை வந்துவிடும். அதில் ஒவ்வாமை ஆபத்து வேறு.

ஆகவே பயிற்சியை இப்படி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு சிஸ்டரும் தன் நிலையத்து அலமாரியில் இருக்கும் குழாயையே கையோடு கொண்டுவர வேண்டும். மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பிறகு டாக்டர் மேற்பார்வையில், சம்மதித்து முன்வரும் ஒருவரின் ரத்தத்தைப் புதுக் கண்ணாடியில் ஒன்று, கழுவியதில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று விட்டுக் கடிகாரம் வையுங்கள். அந்த 20 நிமிடம் காத்திருக்கும்போது நரம்பைத் தாக்கும் கட்டுவிரியனைப் பற்றிப் பேசட்டும். அதில் ரத்தம் நன்றாகவே உறையும், ஆனால் இமை சரியும், விழுங்கச் சிரமப்படும், மூச்சு குறையும். ரத்தம் உறைந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று அனுப்பக் கூடாது என்பது அந்த இடத்தில்தான் மனதில் பதியும். மணி அடித்ததும் குழாய்களை அவரவர் கையாலேயே சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்த அந்த வித்தியாசத்தை எந்த ஸ்லைடும் தராது.

மூன்று மாதம் கழித்து ஏற்பாட்டாளர் நேரில் வந்து இரண்டே விஷயம் பார்த்தால் போதும். எமர்ஜென்சி டிரேயில் புதுக் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா? கேஸ் ஷீட்டில் ரத்தம் எடுத்த நேரமும் சாய்த்த நேரமும் எழுதியிருக்கிறதா? மேலே சொன்ன ஏழு படியில் இது ஐந்தாவது. 2024-ல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டார்கள். பதிவேடு இருக்கும், ஆறாவது படிக்கும் போகலாம். இந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள் சிஸ்டர், தயங்க வேண்டாம்.

கேள்வி: மதியச் சாப்பாட்டை மருந்துக் கம்பெனி தருகிறது. பதிலுக்கு ஸ்பீக்கர் இன்னார்தான் என்கிறார் ரெப். என்ன செய்வது?
– ஒருங்கிணைப்பாளர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: முடியாது என்று சொல்லுங்கள். கோபப்படாமல், எழுத்தில் சொல்லுங்கள். தலைப்பும் ஸ்பீக்கரும் ஸ்லைடும் மருத்துவமனையின் கல்விக் குழு முடிவு, கம்பெனியின் ஸ்டால் ஹாலுக்கு வெளியே, ஸ்பான்சர் பெயர் அழைப்பிதழில் வெளிப்படையாக இருக்கும் என்று மூன்று வரி போதும். 2020 டிசம்பரில் ஏ.சி.சி.எம்.இ. வெளியிட்ட விதிகளின் சாரம் இதுதான். நம் நாட்டிலும் 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதித்தொகுப்பு வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்துவதைத் தடுக்கிறது. நிகழ்ச்சிச் செலவைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. அதைக் காட்டிப் பேசினால் பெரும்பாலான ரெப்புகள் புரிந்துகொள்வார்கள், அவர்களுக்கும் மேலே பதில் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. அப்படியும் சாப்பாடு வராது என்றால், தட்டுவடை செட்டும் டீயும் வைத்து நடத்துங்கள். பாடம் நன்றாக இருந்தால் டாக்டர்கள் வருவார்கள்.

கேள்வி: இப்படி ஒரு மாநாட்டை நாமே தமிழில் நடத்த முடியாதா?
– வாசகர், மேட்டூர்

பதில்: முடியும் தம்பி, எனக்கு ரொம்ப நாள் ஆசை. மாநாடு என்று பெரிதாகத் தொடங்க வேண்டாம். சேலம், நாமக்கல், தர்மபுரி மருத்துவமனைகளில் இந்த வேலை பார்க்கிறவர்கள் பத்துப் பேர் கிடைத்தாலும் போதும். ஒரு சனிக்கிழமை மாலை, கூகுள் மீட், ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் கொண்டுவர வேண்டும், திரையில் காட்ட வேண்டும், அதில் எந்தக் கேள்வியை எடுத்துவிடலாம், எதைச் சேர்க்கலாம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்துக்கு அவ்வளவுதான் வேலை. பேசுவதைப் பதிவு செய்து வையுங்கள், அன்று வர முடியாத டியூட்டிக்காரர்கள் கேட்பார்கள். ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஊரும் வேலையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழுக்குள் நாள் குறித்துவிடலாம்.